சமக்குறி சமமில்லாமல் போன கதை

ஆடியோவில் கேட்டவர்களை விட இந்தப் பக்கத்தில் படிக்கிறவங்களுக்கு இன்னைக்கு ஒரு வசதி இருக்கு. குறிகளை நீங்க கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே நான் "முக்காற்புள்ளி, அதை ஒட்டி ஒரு சமக்குறி" என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அ = அ + 1

இதை ஒரு கணக்கு வாத்தியாரிடம் காட்டுங்க. இரண்டு பக்கமும் 'அ'-வை அடித்துவிட்டு, "பூஜ்யமும் ஒன்றும் சமமா? யார் சொன்னது?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் உலகத்தில் புரோகிராம் எழுதுகிற அத்தனை பேரும் தினமும் இதை எழுதுகிறார்கள், யாருக்கும் உறுத்துவதில்லை. 'அ' என்ற இடத்தில் இப்போது இருக்கிற மதிப்பை எடு, ஒன்றைக் கூட்டு, வந்ததை அதே இடத்தில் வை. இதுதான் அதன் பொருள். அதாவது அது ஓர் உண்மையைச் சொல்லவில்லை, ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறது. நம்ம பாடநூல் தமிழில் இதற்கு 'மதிப்பிருத்தல்' என்று பெயர். மதிப்பை ஓர் இடத்தில் உட்கார வைப்பது. நல்ல சொல்.

தமிழ்வழியில் கணக்கு படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் முன்னமே தெரியும். "அ = 5" என்றால் செய்தி. "அ = 5 என்க" என்றால் ஏவல். அந்த ஒரு 'என்க' போதும், வாக்கியத்தின் குணமே மாறிவிடும். 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியைக் கொண்டுவந்தபோது வரியின் தொடக்கத்தில் 'லெட்' என்று எழுதச் சொன்னார்கள். நம்ம 'என்க'-வுக்கு ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தில் நிற்கிற சொல் அதுதான். பின்னால் வந்த பேசிக்குகளில் அதை எழுதாமல் விடலாம் என்று ஆனது. எழுதாமல் விட்டார்கள். 'என்க' போய்விட்டது, சமக்குறி மட்டும் நின்றது.

அந்தச் சமக்குறி எப்படி இங்கே வந்து மாட்டிக்கொண்டது என்பதுதான் இன்றைய கதை.

குறியைக் கண்டுபிடித்தவர் வேல்ஸ் நாட்டுக்காரர் ராபர்ட் ரெக்கார்ட். வருஷம் 1557. 'இதற்குச் சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதுவது அலுப்பாக இருந்ததால், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இவற்றை விடச் சமமான இரண்டு பொருள்கள் உண்டா என்பது அவர் வாதம். குறி பரவ நாளானது, ஆனால் பரவிய பிறகு நெடுங்காலத்துக்கு அதற்கு ஒரே பொருள்தான்.

முதன்முதலில் 'இது வேறு, அது வேறு' என்று புரிந்துகொண்டவர் ஜெர்மனியின் கோன்ராட் சூஸ. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெர்லினில் கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டிருந்தார். 1945-இல் பவேரியா மலைப்பக்கம் தப்பிப்போய், கையில் வேலை இல்லாத நேரத்தில் 'பிளான்கால்க்யூல்' என்ற நிரல்மொழியைக் காகிதத்தில் எழுதி முடித்தார். ஓட்டிப் பார்க்க இயந்திரமே இல்லை, வெறும் காகிதம். அதில் மதிப்பிருத்தலுக்குத் தனிக் குறி வைத்தார். அதன் பெயருக்கு 'தருகிறது' என்று பொருள். பிற்பாடு அது வலப்பக்கம் பார்க்கிற இரட்டை அம்பாக நிலைபெற்றது. அ + 1 ⇒ அ. படித்துப் பாருங்க. 'அ'-வோடு ஒன்றைக் கூட்டினால் வருவது போய் 'அ'-வில் உட்காருகிறது. தமிழ் வாக்கியம் போலவே வினை கடைசியில் வருகிறது. இதைக் காட்டினால் கணக்கு வாத்தியாருக்குக் கோபமே வராது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே சரியான குறி இதுதான். அது முதலிலேயே வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஒரு சின்னக் குழு ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கியது. 1957-இல் ஐபிஎம் 704 இயந்திரத்துக்கு வெளியானது. அதில் மதிப்பிருத்தலுக்குச் சமக்குறி. இவ்வளவு பெரிய ஆட்கள், இந்தக் குழப்பம் வரும் என்று தெரியாதா? இரண்டு விஷயத்தைக் கவனிக்கணும். ஒன்று, அன்றைக்கு நிரல் எழுதுவது துளையட்டையில். அட்டை குத்துகிற இயந்திரத்தில் பெரிய எழுத்துகள், எண்கள், கைவிரலில் எண்ணிவிடுகிற அளவுக்குக் குறிகள். அம்பு கிடையாது. முக்காற்புள்ளி கூடக் கிடையாது. சமக்குறி இருந்தது.

இரண்டாவது விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. முதல் ஃபோர்ட்ரானில் 'இது அதற்குச் சமமா' என்று கேட்கவே வழி இல்லை! ஓர் எண்ணைக் கொடுத்து, அது பூஜ்யத்துக்குக் கீழா, பூஜ்யமா, மேலா என்று பார்த்து மூன்று திசையில் ஒன்றுக்குப் போகச் சொல்லலாம், அவ்வளவுதான். இரண்டு எண்களை ஒப்பிட வேண்டுமென்றால் கழித்துப் பார்க்கணும். ஆகவே சமக்குறிக்கு அந்த மொழியில் வேறு வேலையே இல்லை, சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டார்கள். சில வருஷம் கழித்து ஃபோர்ட்ரான் 4-இல் ஒப்பிடும் வசதி வந்தபோது சமக்குறி ஏற்கெனவே போய்விட்டது. அதனால் ஒப்பீட்டுக்கு இரண்டு பக்கமும் புள்ளி வைத்து '.ஈக்யூ.' என்று எழுத வைத்தார்கள். சொந்தக்காரனுக்கே வீட்டில் இடமில்லாமல் போனது.

ஃபோர்ட்ரானை விட்டு நகர்வதற்கு முன்னால் ஒரு சமாச்சாரம். அந்த மொழியில் இடைவெளிக்கு மதிப்பு கிடையாது. மாறியை முன்கூட்டி அறிவிக்கவும் வேண்டாம். இப்போது இந்த வரியைப் பாருங்க:

டூ 10 ஐ = 1,10

10 என்று எண்ணிட்ட வரி வரைக்கும் உள்ளதை, 'ஐ' என்ற மாறி 1-லிருந்து 10 வரை ஏற ஏற, திரும்பத் திரும்பச் செய் என்று அர்த்தம். அந்தக் கமாவுக்குப் பதிலாகக் கை தவறி ஒரு புள்ளி விழுந்துவிட்டால்? டூ10ஐ = 1.10. இடைவெளிக்குத்தான் மதிப்பில்லையே. 'டூ10ஐ' என்ற பெயரில் ஒரு புது மாறி பிறந்து, அதில் 1.10 போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து முறை சுற்ற வேண்டியது ஒரே முறை ஓடும். கம்பைலர் வாயைத் திறக்காது. 1962 ஜூலையில் வெள்ளிக் கோளுக்குக் கிளம்பிய மாரினர் 1 விண்கலம் அழிந்தது இதனால்தான் என்று நிறையப் புத்தகத்தில் போட்டிருக்கும். அது கட்டுக்கதை. மாரினரைக் கவிழ்த்தது, வழிகாட்டும் சமன்பாட்டில் ஓர் எழுத்தின் தலைக்கு மேல் போடாமல் விட்ட கோடு. புள்ளி-கமா பிழை நாசாவின் மெர்குரி திட்டத்து நிரல் ஒன்றில் இருந்தது என்று அங்கே வேலை பார்த்தவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விண்கலம் விழாவிட்டாலும் பிழை பிழைதான்.

சரி, 1958. மே மாதக் கடைசியில் சூரிக் நகரத்தில் ஒரு கூட்டம். அமெரிக்கா பக்கம் நாலு பேர், ஐரோப்பா பக்கம் நாலு பேர், எல்லா இயந்திரத்துக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று உட்கார்ந்தார்கள். அல்கோல் பிறந்த கூட்டம் அது. பேக்கஸும் இருந்தார். எதிரே ருட்டிஷவுசர், சூஸவின் அம்பை ஏற்கெனவே பயன்படுத்தி வந்தவர். ஐரோப்பியர்களுக்குக் கணக்கு இடது பக்கம், பெறுகிற மாறி வலது பக்கம். அமெரிக்கர்களுக்கு நேரெதிர். கடைசியில் மாறி இடது பக்கம் போனது, அமெரிக்க வழி. ஆனால் வெறும் சமக்குறி வேண்டாம் என்று முக்காற்புள்ளியை ஒட்டவைத்து := என்று ஆக்கினார்கள். சமக்குறி தன் பழைய வேலைக்கே, ஒப்பிடுவதற்கே, திரும்பிப்போனது.

அந்தக் கூட்டத்தில் தசமப் புள்ளிக்குப் புள்ளியா கமாவா என்று சண்டை வந்து மேசையைத் தட்டுகிற அளவுக்குப் போனதாகச் சொல்வார்கள். அதற்குக் கண்ட வழிதான், பேச ஒரு வடிவம், அச்சடிக்க ஒரு வடிவம், இயந்திரத்துக்கு ஒரு வடிவம் என்று மூன்றாகப் பிரித்தது. அதனால்தான் முக்காற்புள்ளியே இல்லாத அட்டைக் காலத்தில் முக்காற்புள்ளி வைத்த குறியைத் தைரியமாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அல்கோல் வழியில் வந்த நிக்லாவுஸ் விர்த், பாஸ்கல் மொழியில் := குறியை வைத்துக்கொண்டார். சமக்குறியை மதிப்பிருத்தலுக்கு வைத்தது பெரிய தவறு என்று கடைசி வரை எழுதியும் வந்தார்.

அம்பு என்ன ஆயிற்று? 1963-இல் வந்த முதல் ஆஸ்கி எழுத்துத் தொகுப்பில் இடப்பக்க அம்புக்கு ஓர் இடம் இருந்தது. 1967 திருத்தத்தில் அதே இடத்தில் அடிக்கோட்டைப் போட்டுவிட்டார்கள். அம்பை நம்பியிருந்த மொழிகள் தவித்துப்போயின. 1976-இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய எஸ் என்ற புள்ளியியல் மொழியிலும், அதன் வழியில் வந்த ஆர் மொழியின் ஆரம்ப காலத்திலும், அடிக்கோடே மதிப்பிருத்தும் குறியாக இருந்தது. காரணம் இதுதான்: அந்த விசையில் ஒரு காலத்தில் அம்பு இருந்தது. இன்றைக்கும் ஆர் எழுதுகிறவர்கள் 'சிறிது' குறியையும் கழித்தல் குறியையும் சேர்த்து <- என்று கையால் அம்பு செய்துகொள்கிறார்கள்.

இனி கதையின் மையம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸை எழுதிக்கொண்டிருந்த நேரம், 1969-70. கையில் பிடிபி-7 என்ற சின்ன இயந்திரம், அதில் மிகச் சின்ன நினைவகம். மார்ட்டின் ரிச்சர்ட்ஸின் பிசிபிஎல் மொழியைச் சுருக்கி, தன் ருசிக்குத் தக்கபடி மாற்றி 'பி' என்று ஒரு மொழி செய்தார். பிசிபிஎல்லில் := இருந்தது. தாம்சன் முக்காற்புள்ளியைத் தூக்கிவிட்டு = போட்டார். ஒப்பிடுவதற்கு == என்று இரட்டித்தார். சொல்லப்பட்ட காரணம், நிரல்களில் மதிப்பிருத்தல் அடிக்கடி வருகிறது, ஒப்பீடு அவ்வளவு வருவதில்லை, அதனால் அடிக்கடி வருவது குட்டையாக இருக்கட்டும். டென்னிஸ் ரிட்சி பின்னாளில் எழுதிய வரலாற்றில், இது ருசி சார்ந்த முடிவு, இன்றும் சர்ச்சைக்குரியது என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறார்.

இதோடு நின்றிருந்தால் பெரிய ஆபத்து இல்லை. 'பி'-யிலும் அதன் வாரிசான 'சி'-யிலும் மதிப்பிருத்தல் ஒரு கட்டளை மட்டுமல்ல, தானே ஒரு மதிப்பையும் தரும். அ = 5 என்று எழுதினால் 'அ'-வில் 5 உட்காரும், அந்தக் கோவை முழுவதற்கும் 5 என்ற மதிப்பும் கிடைக்கும். இதனால்தான் அ = ஆ = 0 என்று சங்கிலியாக எழுத முடிகிறது. ஒரு கோப்பிலிருந்து அடுத்த எழுத்தை வாங்கி மாறியில் வைத்து, அதே மூச்சில் 'கோப்பு முடிந்ததா' என்று பார்க்கவும் முடிகிறது. அழகான வசதி, மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒப்பீட்டுக்கு இரண்டு கோடு, மதிப்பிருத்தலுக்கு ஒரு கோடு, இரண்டுமே நிபந்தனைக்குள் செல்லுபடியாகும். "அ ஐந்தா?" என்று கேட்க நினைத்து ஒரு கோட்டை விட்டுவிட்டால், 'அ' ஐந்தாகவே ஆகிவிடும், பதிலும் 'ஆமாம்' என்று வரும். கேள்வி கேட்டவுடன் உலகம் கேள்விக்கு ஏற்ற மாதிரி மாறிவிடுகிறது.

கூட்டிவைக்கும் குறியிலும் ஒரு கூத்து நடந்தது. அ = அ + 1 என்பதை அ += 1 என்று சுருக்குவது அல்கோல் 68-இலிருந்து டக் மெக்கில்ராய் வழியாக வந்த யோசனை. ஆனால் 'பி'-யிலும் தொடக்ககாலச் 'சி'-யிலும் அதைத் திருப்பிப் போட்டு =+ என்று எழுதினார்கள், கம்பைலருக்கு அப்படி வாசிப்பது சுலபம் என்பதால். விளைவு? அ=-1 என்று எழுதினால் என்ன பொருள்? 'அ'-வில் கழித்தல் ஒன்றை வை என்றா, 'அ'-விலிருந்து ஒன்றைக் கழி என்றா? எழுதியவர் முதலாவதை நினைப்பார், கம்பைலர் இரண்டாவதைச் செய்யும். 1976-இல்தான் திருத்தி += ஆக்கினார்கள். இன்று கோடிக்கணக்கான வரிகளில் இருக்கிற குறி, ஒரு திருத்தத்தில் பிறந்தது.

(++ பற்றி ஒரு வார்த்தை. அது பிடிபி-11 இயந்திரத்தின் கட்டளையைப் பார்த்து வந்தது என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். தாம்சன் அதைச் சேர்த்தபோது பிடிபி-11 பிறக்கவே இல்லை என்று ரிட்சி தெளிவாக எழுதியிருக்கிறார்.)

இப்போ அந்த ஒற்றைக் கோட்டின் விலைக்கு வருவோம். 2003 நவம்பர். லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் அப்போது பிட்கீப்பர் என்ற கருவியில் இருந்தது. அதைப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்காக சிவிஎஸ் என்ற இன்னொரு கருவியில் ஒரு பிரதி வைத்திருந்தார்கள். யாரோ அந்தப் பிரதி இருந்த சர்வருக்குள் நுழைந்து இரண்டே இரண்டு வரியைச் சேர்த்தார்கள். ஒரு புரோகிராம் தன் பிள்ளைப் புரோகிராம் முடியக் காத்திருக்கும் பகுதியில் அது இருந்தது. பார்த்தால் சாதாரணப் பிழைச் சோதனை: இன்ன இரண்டு கொடிகள் சேர்ந்து வந்து, கூப்பிடுகிறவரின் பயனர் எண் = 0 என்றால், 'செல்லாது' என்று பிழை கொடு.

பயனர் எண் = 0. ஒரே கோடு.

லினக்ஸில் பயனர் எண் பூஜ்யம் என்றால் ரூட், இயந்திரத்தின் முழு அதிகாரி. அந்த வரி 'நீ ரூட்டா?' என்று கேட்கவில்லை, 'நீ ரூட் ஆகு' என்றது. அதிலும் ஒரு நயவஞ்சகம்: மதிப்பிருத்தலின் மதிப்பு இங்கே பூஜ்யம். 'சி'-யில் பூஜ்யம் என்றால் பொய். ஆகவே நிபந்தனை பொய்த்துவிடும், பிழைச்செய்தி வரவே வராது, தடயமே இல்லாமல் அதிகாரம் கைமாறும். மறந்து ஒரு கோட்டை விட்டால் கம்பைலர் எச்சரிக்கும் என்று நீங்க சொல்லலாம். அந்தப் பகுதியைச் சுற்றி அடைப்புக்குறி போட்டிருந்தது. 'தெரிந்துதான் செய்கிறேன்' என்று கம்பைலருக்குச் சொல்லும் வழக்கமான சைகை அது, அதனால் எச்சரிக்கையும் வராது.

பிடிபட்டது எப்படி? குறியைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிட்கீப்பர் மூலத்துக்கும் சிவிஎஸ் பிரதிக்கும் ஒரு வித்தியாசம் இருப்பதை, இரண்டையும் ஒப்பிடும் தானியங்கிச் சோதனை காட்டிக்கொடுத்தது. அந்த மாற்றத்துக்கு மூலத்தில் பதிவே இல்லை. பிட்கீப்பர் நிறுவனத்தின் லாரி மெக்வாய் அதை மடல் குழுவில் தெரிவித்தார், அதற்குப் பிறகுதான் நிபுணர்கள் வரியை உற்றுப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். செய்தவர் யார் என்று இதுவரை வெளியே வரவில்லை. செய்தவருக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது: முப்பது வருஷமாக எல்லோரும் தெரியாமல் செய்கிற பிழையைத் தெரிந்தே செய்தால், மாட்டினாலும் கைப்பிழை என்று தப்பிக்கலாம்.

பின்வந்த மொழிகள் ஒவ்வொன்றும் இதற்கு ஒரு வழி தேடின. மாறிலியை முன்னால் எழுதி 5 == அ என்று வைப்பது ஒரு வைத்தியம். ஒரு கோடு விட்டுப்போனால் 5 = அ ஆகும். ஐந்துக்குள் எதையும் வைக்க முடியாது, கம்பைலர் கத்திவிடும். ஸ்டார் வார்ஸ் யோடா பேசுகிற மாதிரி இருப்பதால் இதற்கு யோடா நிபந்தனை என்று பெயர். எனக்குப் படிக்கவே பிடிக்காது. 2009-இல் கூகுள் வெளியிட்ட கோ மொழி இன்னும் நேராகப் போனது. அங்கே மதிப்பிருத்தல் வெறும் கட்டளை, மதிப்பு தராது, நிபந்தனையாக நிற்காது. புது மாறியை அறிவித்து மதிப்பு வைக்க := குறி. அந்த மொழியை வடிவமைத்த மூவரில் ஒருவர் யார் தெரியுமா? கென் தாம்சன்.

பைத்தானும் முதலிலிருந்தே இந்த வழிதான். நிபந்தனைக்குள் = எழுதினால் இலக்கணப் பிழை. 'சி'-யின் அந்தப் பிழை வரக்கூடாது என்பதுதான் காரணம் என்று அதன் ஆவணத்திலேயே சொல்லியிருப்பார்கள். ஆனால் 'வாங்கி வை, அதே மூச்சில் பார்' என்ற வசதியை மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2018-இல் பெப் 572 என்ற முன்மொழிவு வந்தது. நிபந்தனைக்குள் மதிப்பிருத்த ஒரு தனிக் குறி வேண்டும், அது := ஆக இருக்கட்டும் என்றது. படுக்க வைத்த முகம் போல, இரண்டு கண்ணும் இரண்டு தந்தமும் தெரிவதால் கடற்சிங்கத்தின் உறவான வால்ரஸ் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

மாதக்கணக்கில் சண்டை. ஒரு பக்கம் சுருக்கமாகும் என்றார்கள், மறுபக்கம் பைத்தானின் எளிமையே போச்சு என்றார்கள். மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம் முன்மொழிவின் பக்கம் நின்று அதை ஏற்றுக்கொண்டார். ஏற்ற கையோடு, ஜூலை 12 அன்று, தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகுவதாக மடல் எழுதினார். ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேரின் வெறுப்பைச் சம்பாதிக்க இனித் தெம்பில்லை என்பது அதன் சாரம். மொழி பிறந்த நாளிலிருந்து கடைசி வார்த்தை சொல்லி வந்தவர் அவர். பைத்தான் அதன் பிறகு ஐந்து பேர் குழுவின் கைக்குப் போனது.

குறி 2019 அக்டோபரில் பைத்தான் 3.8 பதிப்பில் வந்து சேர்ந்தது. அதிலும் ஒரு காவல் போட்டிருக்கிறார்கள். தனி வரியில் அ := 5 என்று மொட்டையாக எழுதினால் பைத்தான் ஏற்காது. தனி வரிக்கு = தான். அடைப்புக்குறிக்குள் போட்டால் மட்டும் விடும்.